பதினைந்தாம் தேதிக் கஷாயம்

"இந்தம்மா யாரையாவது பரலோகம் அனுப்பிட்டுத்தான் சர்ட்டிபிகேட் வாங்கும் போல!"

பேப்பர் திருத்திக்கொண்டிருந்த தாவரவியல் ஆசிரியர் போட்ட சத்தத்தில், பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

அஞ்சல் வழி மூலிகை மருத்துவப் படிப்பு. மாணவர்கள் வீட்டிலிருந்தே விடை எழுதி, இலையைக் காயவைத்து ஒட்டித் தபாலில் அனுப்புவார்கள். திருத்தித் திருப்பி அனுப்புவது இவர் வேலை. இன்று பேப்பர் கட்டிலிருந்து ஒரு தாளை உருவியபோது செல்லோடேப் விட்டுப்போய், காய்ந்த இலை ஒன்று அவர் மடியில் குப்புற விழுந்தது. அப்போதுதான் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"என்னங்க ஆச்சு?"

"சளிக்குக் குடுக்கிற இலைன்னு எழுதிட்டு, விஷ இலையை ஒட்டி வச்சிருக்கு. மேலாகப் பார்த்தா ரெண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். திருப்பிப் பார்த்தா நரம்புல வித்தியாசம் தெரியும். இது உள்ளே போச்சுன்னா இதயத் துடிப்பே தாறுமாறாயிடும்."

"முட்டை மார்க் போட்டுட்டு அடுத்த பேப்பரை எடுங்க. அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?"

"கீழே என்ன எழுதியிருக்குன்னு பாரு."

மனைவி வாங்கிப் படித்தாள்.

'என் மாமியாருக்கு ஆறு மாதமாக இருமல். டாக்டர் கொடுத்த மருந்து பதினான்காம் தேதியோடு முடிகிறது. பதினைந்தாம் தேதி காலை முதல் இந்த இலையைக் கஷாயம் வைத்துக் கொடுக்கப்போகிறேன்.'

"மாமியாருக்கா?" மனைவி உதட்டைப் பிதுக்கினாள். "தெரிஞ்சேதான் குடுக்குறாளோ என்னவோ!"

"விளையாடாதே. இன்னிக்கு என்ன தேதி?"

காலண்டரைத் திரும்பிப் பார்த்தவளுக்கு முகம் மாறிவிட்டது.

"ஐயோ, பதினஞ்சுங்க!"

தாளில் பெயர் கிடையாது, பதிவு எண் மட்டும்தான். படிப்பு மையத்துக் குமாஸ்தாவின் செல்லுக்குப் போட்டார்.

"திருத்துறவங்களுக்கு மாணவர் விவரம் குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கே சார்," என்று இழுத்தார் குமாஸ்தா. "நீங்க ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா திங்கட்கிழமை மேடம்கிட்ட..."

"திங்கட்கிழமை துக்கம் விசாரிக்கத்தான் போகணும்! ஒரு உசிரு போகப்போகுதுய்யா. நம்பரைக் குடு. ஏதாவது வந்தா என் தலையில போடு."

ரிஜிஸ்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. நம்பர் வந்தது. ஆசிரியர் அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். மனைவி போனைப் பிடுங்கித் தானே போட்டுக் கொடுத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்கள். பின்னால் லொக்கு லொக்கென்று இருமல்.

"அம்மா, அந்தக் கஷாயத்தைக் குடுக்காதீங்க! அது வேற இலை, விஷம்!"

"யாரு சார் நீங்க? இப்பதானே டம்ளரை அத்தை கையில குடுத்தேன்..."

"பிடுங்குங்க!"

போன் கீழே விழுந்தது. யாரோ ஓடினார்கள். "அத்தை, வேணாம், வேணாம்!" என்று ஓர் அலறல். டம்ளர் உருண்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை, இருமல்கூட.

ஆசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்..." அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. "குடிக்கலை சார். ஒரு வாய்கூடக் குடிக்கலை. சூடா இருக்குன்னு ஊதிக்கிட்டு இருந்தாங்க." சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

ஆசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றியவருக்குத் திட்ட உரிமை இல்லையா என்ன? நன்றாகவே திட்டினார்.

"இலையைத் திருப்பிப் பார்க்கத் தெரியாதா உங்களுக்கு? பாடத்துல படம் போட்டு விளக்கியிருக்கே! குடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? இவ்வளவு அலட்சியமா இருக்கிறவங்க எல்லாம் வைத்தியம் படிக்க வரலாமா?"

"எனக்கும் சந்தேகமாதான் சார் இருந்துச்சு. அதனாலதான் முதல்லயே கேட்டேன்."

"யார்கிட்ட? பக்கத்து வீட்டுலயா?"

"இல்லை சார். போன அசைன்மென்ட்ல இதே இலையை ஒட்டி, 'இது அந்த இலைதானா, மாமியாருக்குக் கொடுக்கலாமா, தயவுசெய்து சொல்லுங்கள்'னு கீழே எழுதி அனுப்பியிருந்தேன். டிக் போட்டு, 'மிக நன்று'ன்னு எழுதி, கையெழுத்தும் போட்டு வந்துச்சு. அதுக்கப்புறம்தான் தைரியம் வந்து..."

ஆசிரியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"எவன் அவன்? படிச்சே பார்க்காம டிக் போட்டவன்? ஒரு போட்டோ எடுத்து இந்த நம்பருக்கு அனுப்புங்க. அவனை வேலையை விட்டே தூக்க வைக்கிறேன்!"

"வேணாம் சார். அவருக்கு எத்தனை பேப்பரோ, பாவம்."

"நீங்க அனுப்புங்கம்மா. இந்த மாதிரி ஆளையெல்லாம் சும்மா விடக்கூடாது!"

இரண்டு நிமிஷத்தில் போட்டோ வந்தது. திறந்து பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, தண்ணீர்ச் சொம்பைத் தேடினார்.

மனைவி போனை எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "நம்ம பொண்ணோட ரிப்போர்ட் கார்டுல படிக்காமலே போடுவீங்களே... அந்தக் கையெழுத்துதானேங்க இது?"