மூக்கும் முள்ளும்

"ஐயா, மூக்கத் தொடச்சிட்டு வாங்க. இண்டைக்கு உங்களுக்குச் சோதினை" என்றான் றஊப்.

சிவகுருநாதன் மூக்கைத் துடைக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நிலத்தடி எண்ணெய்த் தாங்கியின் வாயருகே முழந்தாளிட்டார்.

கப்பல்துறைப் பக்கத்து எண்ணெய்க் கிடங்கில் அவருடைய மூக்குத்தான் சட்டம். கந்தளாயில் சீனி காய்ச்சினால் அவர் இங்கே நின்றபடியே பதம் சொல்வார் என்று பேச்சு. பதம் சரிதானா என்று கந்தளாய்க்குப் போய்க் கேட்டவர் ஒருவருமில்லை.

போன வருடம் அவர் கடும் காய்ச்சலில் படுத்திருந்தபோது, கிடங்கில் வேலைசெய்த இராசதுரை யாரையும் கேளாமல் ஒரு தாங்கிக்குள் இறங்கினான். எண்ணெய் ஆவி நின்றிருக்கிறது. அவனைப் பலகையில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள். அவனுடைய சேட் இன்னும் கொட்டில் ஆணியில் தொங்கியது. யாரும் அதை எடுக்கவுமில்லை, அதைப் பற்றிக் கதைக்கவுமில்லை.

அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து மிஷின் வந்தது. தோளில் மாட்டிக்கொண்டு எங்கேயும் போகலாம். குழாயால் காற்றை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர் ஒன்றை அதற்குள் விட்டுப் பார்க்கும். எண்ணெய் ஆவி இருந்தால் முள் ஏறும். முள்ளும் மூக்கும் ஒத்துக்கொண்டால் மட்டுமே ஆள் இறங்கலாம் என்று புது உத்தரவு.

மிஷினுக்குப் பொறுப்பானவர் கலீலுர் றஹ்மான். இளம் அதிகாரி, கதை குறைவு. அன்று இன்னும் குறைவு.

இறங்க வேண்டியவன் றஊப். தாங்கியின் அடியில் படிந்த கசடைச் சுரண்ட வேண்டும். சிவகுருநாதனுக்கும் றஹ்மானுக்கும் நடுவில் குந்தியிருந்து, கையில் ஒட்டியிருந்த பெயின்ரை, பெற்றோலில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மிஷினின் குழாய் அவன் காலடியில் கிடந்தது. முள் பூச்சியத்தில் நின்றது.

"ரெண்டு பேரும் நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வீட்டில ஸல்ஹாவுக்கு இது நிறைமாசம். புள்ளைக்கு வாப்பா வேணும்" என்றான்.

"நீயே மணந்து பாரன்ரா" என்றார் சிவகுருநாதன்.

"எனக்கெங்க ஐயா தெரியும்? எண்ணெயிலயே கெடந்து எனக்கு எல்லாம் ஒரே மணம். பொஞ்சாதி ஆக்கின சோறும் டீசல் மணக்குது."

"அதை அவளிட்டச் சொன்னியோ?"

"சொன்ன பிறகுதான் சோறே இல்லாமப் போச்சு."

றஹ்மான் குழாயைத் தாங்கிக்குள் இறக்கினார். முள்ளைப் பார்த்தார். பிறகு சிவகுருநாதனின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க முதல்ல சொல்லுங்க ஐயா."

"சீச்சீ, அது சரியில்லைத் தம்பி. மிஷின் வந்த விருந்தாளி. அது முதல் சொல்லட்டும்."

"விருந்தாளி எண்டாலும் மூக்குத்தானே ஐயா வயசில மூத்தது."

"வயசுக்கு மரியாதை குடுக்கிறதெண்டால் தாங்கியைத்தான் கேக்கோணும். அது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்."

"ரெண்டு பேரும் கலியாணப் பந்தியில மாதிரி உபசாரம் பண்ணுறீங்க. இறங்குறது நான்" என்றான் றஊப்.

கடைசியில் வயதுதான் வென்றது. சிவகுருநாதன் குனிந்தார். இரு கைகளாலும் தாங்கியின் வாயைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி, நீளமாக மூச்சிழுத்தார். கிடங்கு முழுவதும் அந்த மூச்சுக்காக நின்றது.

"ஒண்டுமில்லை. துப்புரவாக் கிடக்கு" என்றார்.

றஹ்மானின் தோள் தளர்ந்தது. "மிஷினும் அதைத்தான் சொல்லுது" என்றார்.

முதல் சோதனையிலேயே மூக்கும் முள்ளும் ஒத்துப்போயின. றஊப் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பிஸ்மி சொல்லி, சுரண்டியோடு இறங்கினான். கயிற்றின் மறு நுனியை இருவரும் பிடித்துக்கொண்டார்கள்.

உள்ளேயிருந்து சுரண்டும் சத்தம் வந்தது. சரக், சரக். வெயில் தகரங்களின் மேல் அசையாமல் கிடந்தது.

றஹ்மான் நெற்றியைத் துடைத்தார். அன்று அப்போதுதான் சிரித்தார்.

"ஐயா, உங்களிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."

"சொல்லுங்கோ தம்பி."

"முந்தநாள் ஹபரணை றோட்டில ஜீப் குழிக்குள்ள விழுந்து மிஷின் அடிபட்டுப் போச்சு. அண்டையிலிருந்து முள் பூச்சியத்த விட்டு அசையுதே இல்ல. வெளிய சொன்னா என்ட வேலை போயிரும்."

சிவகுருநாதன் தாங்கியின் வாயைத் திரும்பிப் பார்த்தார்.

"ராத்திரி முழுக்க நித்திரை இல்ல. பிறகுதான் யோசிச்சன், நீங்க இருக்கிறீங்கதானே. மிஷின் என்னத்துக்கு, உங்கட மூக்கு ஒண்டே காணும்."

சரக் சத்தம் மெதுவானது. பிறகு நின்றது.

"றஊப்!" என்று கத்தினார் சிவகுருநாதன்.

பதில் வரவில்லை. அவர் எழுந்து, இரு காலையும் ஊன்றி, கயிற்றைப் பலங்கொண்ட மட்டும் இழுக்கத் தொடங்கினார். உள்ளே பாரம் அசையாமல் கனத்தது.

"என்ன ஐயா இது?" றஹ்மான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். "நீங்க மணந்து பாத்துத்தானே சொன்னீங்க?"

"இழுங்கோ தம்பி! போன வருசக் காய்ச்சலோட என்ர மூக்குச் செத்துப்போச்சு. நான் உங்கட முள்ளைப் பாத்தெல்லோ சொன்னனான்!"