கிளட்ச் கால்

கெண்டைக்காலில் தடவிய பசை சில்லென்றிருந்தது.

டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வைத்து, முழங்காலுக்குப் பின்னால் அழுத்தினார். திரையையே பார்த்தபடி அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

இடது கால். பதினோரு வருஷமாகப் பேருந்தின் கிளட்சை மிதித்த கால்.

ஆறு மாதத்துக்கு முன் அது தூண் மாதிரி வீங்கியது. நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டுகிற வேலை, அப்படித்தான் இருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் இதே அறையில் சொன்னார்கள். காலில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருக்கிறது. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அவள் விழுங்கிவந்த கருத்தடை மாத்திரை காரணமாக இருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே உலை வைத்திருக்கும்.

அன்றோடு அந்த மாத்திரைக்குத் தலைமுழுக்கு. ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரை. ஸ்டியரிங்குக்கு விடுமுறை.

டாக்டரம்மா மறுபடி அழுத்தினார். திரையில் கறுப்பு வட்டமாகத் தெரிந்த ரத்தக்குழாய் தட்டையாகி, விட்டதும் விரிந்தது.

"அமுக்கினா நல்லா படுத்துக்குது பாருங்க. அடைப்பு இல்ல. இனி தாராளமா பஸ் எடுக்கலாம்மா."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பசையைத் துடைத்தும் துடைக்காமலும் வெளியே ஓடிவந்தாள்.

கணவன் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி.

டீ குடிக்கப் போயிருப்பான் என்று பல்லைக் கடித்தாள். மருந்துக்கடை, வாசல், வண்டி நிறுத்துமிடம், எங்கும் இல்லை. இப்படியொரு நல்ல சேதியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? வாசல் காவலாளியிடமே சொல்லிவிட்டாள். முன்பின் தெரியாத அவரும் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

திரும்பி வந்தபோது வராந்தாக் கோடியில் ஒரு கதவு திறந்தது. அவனேதான். அடிமேல் அடிவைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"சரியாயிடுச்சுங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். அவன் முகமெல்லாம் பல்லாயிற்று.

பிறகுதான் கதவுக்கு மேலிருந்த பலகையைப் படித்தாள். ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை.

ஊருக்கெல்லாம் துணி தைக்கிற தையல்காரக் கணவன், வெட்கத்தோடு தரையைப் பார்த்தான்.

"நீ பட்டது போதும். எனக்கு ஒரே ஒரு தையல்தான், வலிக்கவே இல்ல."

பச்சைப் பொய். அவள் அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். நாலு எட்டு நடப்பதற்குள் இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் அவனுக்கு வலித்தது. அதற்கும் சிரித்தார்கள்.