உறுப்பினர் எண்

"சார், இன்ஜினியர் சங்கத்துச் சந்தாவை இனிமே கம்பெனியே கட்டிடும். உங்க உறுப்பினர் எண்ணை மட்டும் குடுங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி," என்றாள் ஆபீஸ் நிர்வாகி.

அந்தச் சங்கத்தில் சேர ஒரு பரீட்சை உண்டு. மூன்று முறை எழுதி மூன்றிலும் கோட்டை விட்ட இன்ஜினியர், பாஸ் என்று சொல்லித்தான் இந்த வேலைக்கே வந்திருந்தார்.

"வேண்டாம்மா. என் சந்தாவை நானே கட்டிக்கிறேன்."

"சும்மா வர்றதை யாராவது வேண்டாம்பாங்களா சார்?"

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. ஐந்தே நிமிடத்தில் அவரே ஒன்பதாவது மாடிக்கு வந்து நின்றார். இன்றோடு தன் கதை முடிந்தது என்று நினைத்தார் இன்ஜினியர்.

முதலாளியோ அவர் தோளைத் தட்டினார். "இருபது வருஷத்துல கம்பெனிக் காசை வேண்டாம்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான்யா. வாங்க, கீழ போய் டீ சாப்பிடலாம்."

போன உயிர் திரும்பி வந்தது. "நீங்க லிஃப்ட்ல போங்க சார். நான் எப்பவும் படிதான். உடம்புக்கு நல்லது."

"ஒன்பது மாடியா? பேசாம வாங்க."

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார் முதலாளி. கதவு மூடியது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி இறங்கத் தொடங்கியது. இன்ஜினியர் பக்கத்துக் கம்பியைப் பற்றிக்கொண்டு கண்களை இறுக மூடினார்.

"என்னய்யா, இப்படி நடுங்கறீங்க?" முதலாளி சிரித்தபடி, லிஃப்டின் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைத் தட்டினார். "இது பத்திரமா இருக்குன்னு வருஷா வருஷம் கையெழுத்துப் போடறதே நீங்கதானே?"