உதட்டில் விரல்

யு.கே.ஜி. கிருத்திகாவுக்கு வாய் அடைத்துப்போனது தசரா லீவுக்கு அப்புறம்தான்.

அதற்கு முன்னால் அவள் பேசாத பேச்சில்லை. ஜூன் மாதம் சேர்ந்த புதிதில் கேரல் மிஸ்ஸின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மாடியில் பூனை குட்டி போட்டது, அப்பா டிபன் பாக்ஸை மறந்துவிட்டு பீன்யா ஃபாக்டரிக்குப் போனது என்று ஒன்று விடாமல் சொல்வாள். எல்லாம் தமிழில். அதுதான் தொந்தரவு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் தவிர வேறெதுவும் பேசக்கூடாது. ஹாலில் படமாகத் தொங்குகிற வெள்ளைக்காரப் பாதிரியார் போட்ட விதி. அவரும் போய், அவருடைய ராஜாங்கமும் போய், பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருக்கிற கன்டோன்மென்ட்டே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. விதியை மட்டும் வருஷா வருஷம் பெயின்ட் அடித்துப் புதுசாக வைத்திருக்கிறார்கள். தமிழோ கன்னடமோ பேசிய பிள்ளை உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு மூலையில் நிற்க வேண்டும்.

கிருத்திகாவும் தினம் நின்றாள். கேரல்தான் நிற்கவைத்தாள். கேரல் வீட்டில் ஜெபம்கூடத் தமிழில்தான், ஆனால் சம்பளம் இங்கிலீஷுக்குத்தானே கொடுக்கிறார்கள்.

இப்போது குழந்தை எந்தப் பாஷையும் பேசுவதில்லை. பேரைக் கேட்டால்கூட முகத்தைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் வாயைத் திறக்காவிட்டால் டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிடலாம், ஸ்பெஷல் ஸ்கூல் பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டார் பிரின்சிபல் டென்சில்.

கேரலுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் கிருத்திகா வீடு இருக்கிற ஒக்கலிபுரத்துக்கு பஸ் ஏறினாள்.

மாடிப்படியிலேயே கீழ்வீட்டு வள்ளியம்மா பிடித்துக்கொண்டாள். டீச்சர் என்று தெரிந்ததும் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"அந்த விஜி எல்லாம் ஒரு தாயா மிஸ்? எங்ககிட்ட வாய் ஓயாம பேசுவா. பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்துட்டா வாயப் பூட்டிக்குவா. சோறு துன்னுறதுக்கும் ஜாடை, குளிக்கிறதுக்கும் ஜாடை. கொயந்த அம்மா அம்மான்னு சுத்தி சுத்தி வந்துச்சு. இப்ப அதுவும் வுட்டுடுச்சு."

மிஸ்ஸைப் பார்த்ததும் விஜி பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குத் தவறாமல் வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவள். கிருத்திகா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் வேண்டுமா என்று விஜி புருவத்தைத் தூக்கினாள். குழந்தை தலையை அசைத்தாள். விஜி இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். வீட்டில் ஒரு சத்தமில்லை. இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

கேரலால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கோபம் வந்தால் அவளுக்கும் தமிழ்தான்.

"பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசினா என்னம்மா குறைஞ்சிடும் உங்களுக்கு? உங்களாலதான் அவ ஊமையா போயிட்டா."

விஜி குழந்தையின் வாயைத் துடைத்து, கையைக் காட்டி வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள், அதுவும் மெல்லிய குரலில்.

"நீங்கதானே மிஸ் தசராவுக்கு முந்தின மீட்டிங்ல சொன்னீங்க. வூட்ல இங்கிலீஷ்லதான் பேசணும், தமிழ்ல பேசினா கொயந்தைக்கு இங்கிலீஷ் வரவே வராது, பெத்தவளே அது வாழ்க்கைய கெடுத்த மாதிரின்னு."

"அதுக்காக..."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது மிஸ்."

எல்லா மீட்டிங்கிலும் எல்லா அம்மாக்களிடமும் கேரல் சொல்கிற பேச்சுதான் அது. சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இப்படி ஒருத்தி வேதவாக்காக எடுத்துக்கொள்வாள் என்று அவள் நினைத்ததேயில்லை.

"அவ நல்லா தூங்கினப்புறம் காதாண்ட கொஞ்சம் பேசிக்குவேன்," என்றாள் விஜி. "அதுவும் தப்பா மிஸ்?"

கேரல் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். கிருத்திகா வெளியே கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள், அம்மாவின் குரலைக் கேட்டபடி.

கேரல் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பேசும்மா. அம்மாகிட்ட பேசு கண்ணு. தமிழ்லயே பேசு."

குழந்தை மிரண்டுபோய்ப் படிப் பக்கம் திரும்பி, யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தாள். பிறகு தன் ஆள்காட்டி விரலை எடுத்து மிஸ்ஸின் உதட்டின் மேல் வைத்தாள்.