படிக்க முடியாத புத்தகம்

“ஷேர் மார்க்கெட் பத்தி ஒரு புத்தகம் வேணும் தம்பி. இருக்கிறதுலேயே படிக்க முடியாததா ஒண்ணு எடுத்துக் கொடுங்க.”

பதினாலு வருடமாகப் புத்தகக் கடையில் நிற்கும் விற்பனையாளரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எளிதாகப் புரிகிற மாதிரி கேட்பார்கள், படம் போட்டது கேட்பார்கள். காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று இன்னொரு தடவை கேட்டார். சரியாகத்தான் விழுந்திருந்தது.

அந்த அம்மாளின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். போன மாதம்தான் ஓய்வு பெற்றார். கைக்கு வந்த மொத்தப் பணத்தையும் ஷேரில் போட்டே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம்.

அம்மாள் அழுது பார்த்திருக்கிறார், பேசாமல் இருந்தும் பார்த்திருக்கிறார். கடைசியில் ஓர் உடன்பாடு. ஷேர் பற்றி ஒரே ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவர் படித்து முடிக்க வேண்டும். அதுவரை ஒரு காசைத் தொடக் கூடாது. எந்தப் புத்தகம் என்பதை மட்டும் அம்மாள் முடிவு செய்வார்.

“பேப்பர்லயே தலைப்பைத் தாண்டி உள்ளே போக மாட்டார் அவர்,” என்றார் அம்மாள், நம்பிக்கையோடு.

முப்பதே நாளில் கற்றுத் தருவதாக அட்டையில் சத்தியம் செய்த ஒன்றை விற்பனையாளர் காட்டினார். அம்மாள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுப் பதறிப்போனார். இதை அவர் சாப்பிட்டுக்கொண்டே முடித்துவிடுவாராம்.

கேள்வி பதிலாக இருந்த இன்னொன்றும் தள்ளுபடி. கடைசியில் மேல் தட்டில் தூசு படிந்து கிடந்த ஒன்று பிடித்துப்போனது. கம்பெனிகளின் நிதி அறிக்கையை ஆராய்வது எப்படி என்று எழுநூறு பக்கம். எறும்பு எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை.

அம்மாள் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தார். முகம் மலர்ந்தது.

பில் போட்டபோது விற்பனையாளருக்கு அந்த மெக்கானிக்கை நினைத்து மனசு கேட்கவில்லை. உழைத்து ஓய்ந்த மனுஷன் ஆசையாக ஒன்றைக் கற்றுக்கொள்ளப் பார்க்கிறார், அதற்கும் இப்படி ஒரு முட்டுக்கட்டையா?

பத்து நாள் கழித்து அம்மாள் மறுபடி வந்தார். விஷயம் கைமீறிப் போயிருந்தது. கணவர் நூறு பக்கம் தாண்டிவிட்டாராம். நிஜமாகவே படிக்கிறாரா, சும்மா புரட்டுகிறாரா என்று சந்தேகம் வந்து, அவரைக் கேள்வி கேட்பதற்காக அம்மாளும் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

“கேட்டா தப்புத் தப்பாச் சொல்றார் தம்பி. கடன் விகிதத்தைத் தலைகீழாப் போடறார். தப்புன்னு புரிய வைக்கணும்னா எனக்கு முழுசாத் தெரியணும் இல்ல?”

அதற்காக ஒரு கலைச்சொல் அகராதி வாங்கிப் போனார். அடுத்த தடவை, கணக்கில் கம்பெனிகள் செய்யும் தில்லுமுல்லுகள் பற்றி ஒரு புத்தகம். அதற்கடுத்த தடவை புகாரோடு வந்தார். முந்நூற்றுப் பத்தாம் பக்கத்து அட்டவணையில் கூட்டல் தப்பாம். விற்பனையாளர் போனில் கூட்டிப் பார்த்தார். தப்புதான்.

“அவர் நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துலயே நிக்கிறார். நான் முடிச்சிட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார் அம்மாள். ஜெயித்த நடை.

மறுவாரம் ஒரு பெரியவர் வந்தார். விரல் நகங்களில் இன்னும் கிரீஸ் கறை. முதலீட்டு ஆலோசகர் பரீட்சைக்கு வழிகாட்டி நூல் இருக்கிறதா என்று கேட்டார். பேச்சுவாக்கில், தன் வீட்டுக்காரி இங்கேதான் ஒரு தடித்த புத்தகம் வாங்கினாள் என்றார்.

விற்பனையாளருக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. தடுக்கத் தடுக்கப் பரீட்சை வரைக்கும் வந்து நிற்கிறாரே மனுஷன். இனிமேலும் மறைப்பது பாவம் என்று தோன்றியது.

“சார், தப்பா நினைக்காதீங்க. அந்தப் புத்தகத்தை நீங்க படிச்சு முடிக்கவே கூடாதுன்னுதான் அம்மா தேடி வாங்கினாங்க.”

பெரியவர் கொஞ்சமும் அதிரவில்லை.

“தெரியும் தம்பி. அவ கொண்டு வந்து மேஜைல வெச்ச வேகத்துலயே தெரிஞ்சுபோச்சு.”

வழிகாட்டி நூலைப் புரட்டியபடியே மெதுவாகச் சொன்னார். கல்யாணம் நடந்தபோது அவர் மனைவி காலேஜில் கணக்குப் பாடம் இரண்டாம் வருடம். வகுப்பில் முதல். வந்த சில மாதத்தில் மாமியார் படுத்த படுக்கை ஆனார். படிப்பு நின்றது. நிறுத்தாதே என்று தானும் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றபோது பெரியவர் குரல் இறங்கியது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறார். இனிமேல் நான் படித்து என்ன ஆகப்போகிறது என்று ஒரே பதில்.

“தனக்குன்னா அவ ஒரு பக்கம் புரட்ட மாட்டா. நான் குட்டிச்சுவராப் போறேன்னு தெரிஞ்சா எதையும் கரைச்சுக் குடிச்சிடுவா. மத்தபடி, ஷேர்ல போடற எண்ணமே எனக்குக் கிடையாது.”

விற்பனையாளர் பெரியவர் கையிலிருந்த வழிகாட்டி நூலைப் பார்த்தார்.

“அப்போ இந்தப் பரீட்சை?”

“பரீட்சைக்குக் கொடுத்திருக்கிறது அவ பேரை. வீட்டுல மட்டும், நான் எழுதப் போறதாச் சொல்லியிருக்கேன்.”