ஒன்பதடி தள்ளி

"கிட்டப் போகாதீங்க சார்! ஒம்பதடி தள்ளியே நில்லுங்க. சாமி கோவக்காரரு."

தேயிலைத் தோட்டத்து மருதாயி போட்ட சத்தத்தில் செந்தூரன் தூக்கிய காலைத் தூக்கியபடியே நிறுத்தினான். எதிரே வாகை மரத்தடியில் கவ்வாத்துச்சாமி நின்றது. இடுப்புயரக் கல், சுற்றிலும் சிவப்புத் துணி, உச்சியில் மஞ்சளும் குங்குமமும், அதற்கு மேல் செவ்வரத்தம்பூ மாலை. தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து தொடங்கும் நாளில் கத்திகளைக் காலடியில் வைத்துக் கும்பிடுகிற சாமி.

செந்தூரன் காலைப் பின்னால் வைத்தான். சப்பாத்தை மலையடியிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறியிருந்தான்.

கொழும்பில் ஒரு வாரப் பத்திரிகையின் படப்பிடிப்பாளன் அவன். போன வருடம் ஜப்பானில் ஒரு ஷின்டோ ஆலயத்தில், படமெடுக்கக்கூடாத உள்மண்டபத்துக்குள் கமெராவை நீட்டி, அந்தப் படத்தை முகநூலிலும் போட்டு, நாலு நாடும் சேர்ந்து திட்டும்படி வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து மரியாதையின் மறு அவதாரமாகிவிட்டான். கமெராப் பையில் மூன்று விதிகளை எழுதி ஒட்டியிருந்தான்: உள்ளே போகாதே. தொடாதே. எதையும் திருத்தாதே.

"என்னா சார், கால்ல ஆறேழு அட்டை தொங்குது?" பூசாரி பழனியாண்டி குனிந்து பார்த்தார். "பாதை நடுவுல வந்திருக்கலாமே?"

"நடுவில சாமியெல்லோ நடப்பார் ஐயா. ஜப்பானில நாங்கள் ஓரத்தாலதான் போறது."

"எங்க சாமி இருந்த எடத்த விட்டு அசையாதுங்க" என்றார் பழனியாண்டி. மருதாயி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

ஏற்கெனவே ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. கஹவத்தையிலிருந்து வரும் பஸ்ஸில் நாலாங்கட்டை மைல்கல்லடியில் இறங்கச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைக் கல்லில் கறுப்பு இலக்கம் போட்ட மூன்றாங்கட்டையைப் பார்த்தான். அடுத்து ஐந்தாங்கட்டையே வந்துவிட்டது. "நாலாங்கட்டை போன கெழமையிலருந்து இல்ல மாத்தயா, பாதை வேலைக்காரங்க கழட்டியிருப்பாங்க" என்று கண்டக்டர் கையை விரிக்க, வந்த வழியே நடக்க வேண்டியதாயிற்று.

"நாளைக்குக் காலையில மாணிக்கக் குழி வெட்ட கம்பனிக்காரங்க மறுபடி அளக்க வர்றாங்க சார்." மருதாயி கீழே கைகாட்டினாள். சரிவுக்கு நேர் கீழே துருவேறிய தகரக் கூரைகளோடு தோட்டத் தொழிலாளர் லயம் தெரிந்தது. "இந்த மேட்ட தோண்டுனா ஒரு மழைக்கே மண்ணெல்லாம் எங்க தலையிலதான். பன்னெண்டு வீடுங்க. இன்னைக்கே உங்க பேப்பரோட இன்டர்நெட்டுல படம் வந்துச்சுன்னா, சாமி எடம்னு விட்டுருவாங்க."

"இதைப் போன தடவை அளக்க வந்தவையிட்டச் சொல்லேல்லையோ?"

"சொன்னோமே! வந்து பாத்துட்டு, 'இந்தக் கையளவு கல்லா கோயிலு?'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க."

செந்தூரன் கல்லைப் பார்த்தான். "கையளவோ? இடுப்பளவுக்கு நிக்குதே?"

பழனியாண்டி கண் இமைக்கவில்லை. "சாமி வளந்துருச்சுங்க."

செந்தூரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. குறிப்புப் புத்தகத்தை எடுத்து, 'வளரும் தெய்வம்' என்று எழுதி இரண்டு தரம் அடிக்கோடிட்டான்.

பிறகு சாமிக்கு நேராக நின்று, ஜப்பானில் கும்பிடுவதுபோல் இரண்டு தடவை குனிந்தான். இரண்டு தடவை கைதட்டினான். மறுபடி ஒரு தடவை குனிந்தான்.

"யாரக் கூப்புடுறீங்க சார்?"

"படம் எடுக்க அனுமதி கேக்கிறன் ஐயா."

"எங்கிட்டக் கேட்டிருந்தா எப்பவோ குடுத்திருப்பேனே!"

கைபேசி அலறியது. பத்திரிகை ஆசிரியர். "நாலு மணிக்குள்ள படம் வரோணும் செந்தூரன். இணையத்தில முதல் செய்தியே அதுதான். இன்னொரு கோயில் பிரச்சினை எண்டால் நீர் வேற வேலை பாரும்."

மணி மூன்றரை. செந்தூரன் ஒன்பதடி தள்ளிப் புல்லில் முழந்தாளிட்டுக் கமெராவைத் தூக்கினான். மலைக்காற்று வீசியது. சாமியின் துணி ஓரம் படபடத்தது. மருதாயி பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள்.

"தொடாதேங்கோ அம்மா!" செந்தூரன் கத்தினான். "சாமி இருக்கிற கோலத்திலயே இருக்கட்டும். திருத்த நாங்கள் ஆர்?"

"இல்லைங்க சார், துணி..."

"திருத்தக்கூடாது எண்டால் திருத்தக்கூடாது. தள்ளி நில்லுங்கோ!"

மருதாயி கையைப் பிசைந்துகொண்டு ஒதுங்கினாள். பழனியாண்டி வானத்தைப் பார்த்தார். மறுபடி ஒரு காற்று. துணி ஒரு சாண் மேலே ஏறி, மாலையில் மாட்டிக்கொண்டு நின்றது.

செந்தூரன் லென்ஸைத் திருகிச் சாமியைக் கிட்டக் கொண்டுவந்தான். விரல் பொத்தானில் அப்படியே நின்றது. கமெராவை இறக்கி வெறுங்கண்ணால் பார்த்தான். மறுபடி தூக்கிப் பார்த்தான்.

கீழே லயத்தில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் மேலே வரை கேட்டது. பழனியாண்டி மெல்லக் கை கூப்பினார்; அது சாமிக்கா செந்தூரனுக்கா என்று தெரியவில்லை.

செந்தூரன் பன்னிரண்டு தகரக் கூரைகளையும் ஒரு தரம் பார்த்தான். கமெராப் பையில் ஒட்டியிருந்த விதிகளைப் பார்த்தான். பையை மறுபக்கம் திருப்பி வைத்தான்.

"அம்மா, அந்தத் துணியைக் கொஞ்சம் கீழ இழுத்து விடுங்கோ. இலக்கம் நாலு தெரியுது."