இடது பக்கம் அரை இன்ச்

“யோவ், உன்னை யாராவது கேட்டாங்களா? உன் வேலையைப் பார்த்துட்டுப் போய்யா!”

ராண்டல் போட்ட சத்தத்தில் வாண்டாவின் கையிலிருந்த காபி தளும்பிக் கொட்டியது. டெட்ராய்ட்டை ஒட்டிய ஃபெர்ன்டேலில் பதினெட்டு வருடமாக டயர் கடை நடத்துகிறாள். வாடிக்கையாளர்கள் அவளிடம் கத்தியதுண்டு. ஆனால் இரண்டு வாடிக்கையாளர்கள் மோதிக்கொண்டு கடையையே இரண்டாக்குவது இதுதான் முதல் தடவை.

வண்டி தூக்கும் லிஃப்டில் இடுப்பு உயரத்தில் நின்றது ராண்டலின் 1970 ஷெவெல் கார். நீல வண்டி, வெள்ளைப் பட்டை. நான்கு சக்கரங்களையும் கழற்றியாகிவிட்டது. முன்னால் ஒல்லியாக 245 மி.மீ., பின்னால் தடியாக 295 மி.மீ. என்று புது டயர்கள் வேண்டுமாம். சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் பழைய கார்களெல்லாம் வலம் வரும். பார்க்கிறவர்கள் அசந்துபோக வேண்டுமாம்.

ஆர்லோ தன் பிக்கப் வண்டியின் டயர் வால்வை மாற்ற வந்தவர். அறுபத்தைந்து வயதிருக்கும். காத்திருந்த நேரத்தில் ஷெவெலைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். வெளியே போய்விட்டு வந்தார். வந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“295 பின்னாடி உட்காராது தம்பி. பின் சீட்ல ரெண்டு பேர் ஏறினா உரசும். இடது பக்க டயர் கிழிஞ்சிடும்.”

“இடது பக்கம் மட்டும் கிழியுமோ? வலது பக்கம் என்ன, உன் மாமியார் வீடா?”

“இந்த வண்டியில பின் அச்சு அரை இன்ச் இடது பக்கமா தள்ளி நிக்குது.”

“இருபது வருஷமா என்கிட்ட இருக்குய்யா! ஒவ்வொரு போல்ட்டும் என் கையால முடுக்கினது. பத்து நிமிஷம் பார்த்துட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா?”

வாண்டா டேப்பை எடுத்தாள். வலது பக்கம் அளந்தாள். இடது பக்கம் அளந்தாள். சந்தேகத்தில் மறுபடியும் அளந்தாள்.

“அவர் சொல்றது சரிதான் சார். அச்சு அரை இன்ச் இடது பக்கமா தள்ளித்தான் நிக்குது.”

ராண்டலின் கழுத்து சிவந்தது. “சரி, தொலையட்டும். 275 போடு.”

வாண்டா டயர் எடுக்கத் திரும்பினாள்.

“நில்லும்மா,” என்றார் ஆர்லோ. “சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு வளைவோட உள் விளிம்பை மடிச்சு விட்டா 295 தாராளமா உட்காரும்.”

வாண்டாவுக்கே சுருக்கென்று கோபம் வந்தது. “ஐயா, இப்பத்தானே உட்காராதுன்னீங்க?”

“மடிக்காம உட்காராது. மடிச்சா உட்காரும்.”

“அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

ராண்டல் யோசித்தான். “மடிக்க எவ்வளவு நேரமாகும்?”

“அரை மணி,” என்றாள் வாண்டா.

“அப்ப மடி.”

“மடிச்சா பெயிண்ட் வெடிக்கும்,” என்றார் ஆர்லோ. “பேசாம நாலுக்கும் ஒரே சைஸ் போட்டுடு. முன்னாடி பின்னாடி மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். டயர் ரொம்ப நாள் வரும்.”

“ஒரே சைஸா? நான் என்ன சர்ச்சுக்குப் போற கிழவியா? இந்த இன்ஜின் இழுக்கிற இழுப்புக்கு, பின் டயர் அகலமா இல்லாட்டி சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும்யா!”

“முன்னாடி ஒல்லியா இருந்தா திருப்பத்துல வண்டி திரும்பாது. நேரா போய்ப் பள்ளத்துல விழுவே.”

“விழுந்தா நான்தானே விழுவேன்? உனக்கென்ன வந்துச்சு, பெருசு?”

ராண்டல் பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தான். வாண்டா ஸ்பேனரோடு நடுவில் புகுந்தாள்.

“என் கடையில கை நீட்டினா ரெண்டு பேர் மண்டையும் உடையும்! ஐயா, உங்க வால்வை மாத்தியாச்சு. கிளம்புங்க.”

“மாட்டேன்.”

“என்னது?”

“போக மாட்டேன்.”

ராண்டல் காலரை விட்டான். “இந்தப் பைத்தியக்காரக் கடையே எனக்கு வேணாம். பழைய சக்கரத்தையே மாட்டும்மா. நான் வேற இடம் பார்த்துக்கறேன்.”

ஒரு நல்ல வியாபாரம் கையை விட்டுப் போனது. வாண்டா பல்லைக் கடித்துக்கொண்டு, மூலையில் அடுக்கியிருந்த பழைய சக்கரங்களை எடுக்கப் போனாள். அதற்குள் ஆர்லோ ஓடிப்போய் அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“எழுந்திருங்க!”

“முடியாது.”

“எழுந்திருய்யா!” ராண்டல் அவர் தோளைப் பிடித்து இழுத்தான். அவர் அடிச் சக்கரத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். சட்டை கிழிந்தது. அவர் அசையவில்லை.

வாசலில் போலீஸ் கார் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி உள்ளே வந்தார்கள். வாண்டாவுக்கு உயிர் வந்தது.

“நல்ல நேரத்துல வந்தீங்க ஆபீசர்! முதல்ல இந்தக் கிழவரைப் பிடிச்சு வெளியே தள்ளுங்க. முக்கால் மணி நேரமா உயிரை எடுக்கறார்.”

அதிகாரி ஆர்லோவைப் பார்த்தார். “போன் பண்ணது நீங்கதானே சார்?”

ஆர்லோ மெல்ல எழுந்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் குரலில் வந்தது.

“நான்தான். அடிச் சட்டத்துல இருக்கிற நம்பரைப் பாருங்க. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டு வாசல்லேர்ந்து திருடு போன வண்டி இது. நீங்க வர்ற வரைக்கும் சக்கரத்தை மாட்ட விட்டுடக் கூடாதேன்னுதான் வாயில வந்த சைஸையெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்!”